மயக்கத்துக்கு இரண்டு ரேட்டு

மெல்பர்னிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன், இந்தத் தடவை சென்னையில் கண் இமையைச் சரி செய்துகொண்டுதான் திரும்புவது என்று. மேல் இமைத் தோல் தளர்ந்து மடிந்து கிடந்தது, மை இட்டால் பத்து நிமிஷத்தில் மேலேயும் அப்பிக்கொள்ளும். டிக்கெட், சித்தி வீட்டுச் சாப்பாடு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது, அதை விடுங்கள். மயக்க மருந்துக் கதைதான் சொல்ல வேண்டியது.

முதலில் போனது ஒரு கண்ணாடிக் கட்டடம். டாக்டரைப் பார்த்து வெளியே வந்ததும் கோஆர்டினேட்டர் பெண் உட்காரவைத்து டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கட்டம். ஒன்றில் 'லோக்கல்', அதாவது அந்த இடம் மட்டும் மரக்க ஊசி; இன்னொன்றில் 'ஸ்லீப்', அதற்கு ரேட்டு அதிகம். சாதா மீல்ஸா ஸ்பெஷல் மீல்ஸா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். "ஸ்லீப் எடுத்துக்கங்க மேடம், ஒண்ணுமே தெரியாது."

ஸ்லீப் என்றால் எது? நரம்பில் ஊசி போட்டு அரைத் தூக்கமா, தொண்டையில் குழாய் வைத்து முழு மயக்கமா? "நல்ல தூக்கம் மேடம்." சரி, மருந்து கொடுப்பது யார்? "சாரே பாத்துக்குவார்." அறுக்கிறவரே அதையும் பார்த்தால் என் மூச்சை யார் பார்ப்பது என்று கேட்டதற்கு, இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சிரித்தார். இன்றே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி வேறு உண்டாம்.

எனக்கு வந்த கோபம் சித்திக்குப் புரியவில்லை. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து அழகுக்கான அறுவைக்கு குடும்ப டாக்டரின் கடிதம் வேண்டும், சம்மதம் சொல்லி ஏழு நாளாவது ஆகாமல் டெபாசிட் வாங்கக் கூடாது. அங்கே இதைச் சலித்துக்கொள்ளாத ஆள் கிடையாது. ஆனால் 2016ல் இதே சென்னையில் முடி நடப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்ததும், மயக்க மருந்து கொடுத்தவர் நடுவிலேயே கிளம்பிவிட்டார் என்று பேப்பரில் வந்ததும் எனக்கு மறக்கவில்லை.

அப்புறம் சித்தியின் பக்கத்து வீட்டு மாமி சொல்லி ஒரு பழைய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயின்ட் உரிந்த சுவர், டோக்கன், ஏசி இல்லாத வராந்தா. பேசாமல் எழுந்து போய்விடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மயக்க டாக்டரம்மா வந்தார். பருத்திப் புடவை, கழுத்தில் ஸ்டெத். நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"வாயைத் திறங்கம்மா, நாக்கை நீட்டுங்க." கழுத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பிரஷர் மாத்திரை, குறட்டை, ஆடுகிற பல், எடை குறைக்க வாரத்துக்கு ஒருமுறை போடுகிற ஊசி ஏதாவது உண்டா என்று எல்லாம் கேட்டார். எடை ஊசி போட்டிருந்தால் பட்டினி கிடந்தாலும் வயிறு காலியாகாமல் இருக்கலாமாம்.

பிறகு எனக்கு எது ஏன் என்று சொன்னார். மேல் இமைக்கு மரப்பு ஊசியே போதும். நான் விழித்திருந்தால், கண்ணைத் திற, மூடு என்று சொல்லி இரண்டு இமையும் ஒரே அளவா என்று நடுவிலேயே பார்த்துக்கொள்ளலாம். மரப்பு மருந்தான லிக்னோகெயினோடு அட்ரினலின் சேர்ப்பதால் ரத்தம் கசிவது குறையும், மரப்பும் நீடிக்கும். அரைத் தூக்கம் கேட்க லேசாக இருந்தாலும், மருந்து கொஞ்சம் கூடினால் முழு மயக்கத்தில் இறங்கிவிடும், மூச்சும் அடங்கும். அதனால் அதற்கென்றே ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். போதாததற்கு முகத்தில் செய்யும்போது மூக்கில் ஆக்சிஜன், பக்கத்திலேயே ரத்தத்தை நிறுத்தச் சூடு வைக்கும் கருவி. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

சித்திக்கு ஒரே சந்தேகம், முதுகில் ஊசி போடுவீர்களா என்று. சிசேரியனுக்குப் போட்ட ஊசியில் வந்ததுதான் தன் இடுப்பு வலி என்று முப்பது வருஷமாகச் சொல்பவர். அது இடுப்புக்குக் கீழேயும் வயிற்றுக்கும்தான், கண்ணுக்கு அதில் வேலையே இல்லை, வருஷக்கணக்கான வலிக்கும் அந்த ஊசி காரணமில்லை என்று டாக்டரம்மா சொன்னார். சித்தி நம்பவில்லை.

நடுவில் தூக்க ஊசி தேவைப்பட்டால் என்ன செய்வது என்பதற்காக வயிறு காலியாக இருக்கச் சொன்னார். ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடக் கூடாது என்றுதானே நாமெல்லாம் வளர்ந்தோம்? சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், தண்ணீரை இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம், பால் ஊற்றிய காபி மட்டும் சாப்பாட்டுக் கணக்கு என்றார். மெல்பர்னிலும் இதே கணக்குதான், ஆனால் அங்கே அச்சடித்த தாளில் வரும், எதிரில் உட்கார்ந்து யாரும் சொன்னதில்லை.

ஊசி குத்தும்போது நன்றாகவே எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இழுப்பது மட்டும் தெரிந்தது, வலி இல்லை. அரைத் தூக்கம் தேவைப்படவே இல்லை, ஆனாலும் டாக்டரம்மா கடைசித் தையல் வரை தலைமாட்டிலேயே நின்றார்.

எரிச்சல் பில் கட்டும்போது வந்தது. மயக்க டாக்டர் ஃபீஸ் தனியாம், கேஷாகத்தான் கொடுக்க வேண்டுமாம். ஜிபே கிடையாது, கார்டு கிடையாது, மூட்டை முடிச்சோடு சித்தி ஏடிஎம் தேடி ஓடினார். ரசீது கேட்டேன். "வாட்ஸ்அப்ல அனுப்பிடுறோம் மேடம்" என்றார்கள். இன்னும் வரவில்லை.