மைக்ரோஅரேயா, எக்ஸோமா?

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு மரபணுப் பரிசோதனை செய்ய நினைக்கும் கொழும்புப் பெற்றோருக்கு முன்னால் மைக்ரோஅரே, எக்ஸோம் என்று இரண்டு தெரிவுகள் இருக்கின்றன.

மைக்ரோஅரே, நிறமூர்த்தத்தில் துண்டாக விடுபட்டதையும் இரட்டித்ததையும் பிடிக்கும். 16ஆம் நிறமூர்த்தத்தில் 16பி11.2 என்ற இடத்தில் சுமார் 6 இலட்சம் டிஎன்ஏ எழுத்துகள் இல்லாமற்போனால் அதற்குத் தப்பாது. ஓர் எழுத்து மட்டும் பிழைத்திருந்தால் தெரியாது. 2010இல் நிபுணர்கள் இதையே முதற்பரிசோதனை என்றார்கள்.

எக்ஸோம் என்பது மரபணுக்களில் புரதம் செய்யக் குறிப்புத் தரும் பகுதி; இந்தப் பரிசோதனை அதன் எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கும். மொத்த மரபணுத்தொகையில் 1 - 2 வீதம், ஆனால் சுமார் 20,000 மரபணுக்கள். ஓட்டிசத்தோடு தொடர்புள்ள ஷாங்க்3, சிஎச்டி8 போன்ற மரபணுக்களின் சிறு பிழைகள் இதில்தான் அகப்படும். 2019இல் ஒரு நிபுணர் குழு முதலிடத்தை இதற்குத் தந்தது. சிக்கல் எங்கே என்றால், பிள்ளையின் இரத்தத்தை மட்டும் அனுப்பினால் 'பொருள் தெளிவற்ற மாற்றம்' என்று அறிக்கை வரலாம். தரவுத்தளங்களில் தெற்காசியர் குறைவு; நம்மவரிடம் சாதாரணமான மாற்றமும் அங்கே அபூர்வமாய்த் தெரியும். தாய் தகப்பன் இரத்தமும் போனால், மாற்றம் வழிவந்ததா புதிதா என்று பிரித்துவிடலாம்.

காசு ஒன்றுக்குத்தான் என்றால் மூவரின் எக்ஸோமையே எடுங்கள். துண்டு இழப்பையும் அதில் கணிப்பார்களா என்று ஆய்வுகூடத்தில் முன்கூட்டியே கேளுங்கள், இது முக்கியம். ஓட்டிசத்துக்குக் காரணமாகக்கூடிய ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு பொதுவாக இரண்டிலும் சிக்காது. அதற்குத் தனிப் பரிசோதனை.

இரத்தம் எடுப்பது ஊதா மூடி ஈடிடிஏ (உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில், 2 - 3 மி.லீ. எடுத்தவுடன் 8 தடவை மெதுவாகக் கவிழ்க்க வேண்டும், இல்லாவிட்டால் உறையும். பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பரின், டிஎன்ஏவைப் பல பிரதிகளாக்கும் பிசிஆர் முறையைக் குழப்பும். கொழும்பு வெக்கையில் வாகனத்துக்குள் விட்டுவிடாமல் 4 பாகையில் வையுங்கள். உறைநிலைப் பெட்டிக்குள் வேண்டாம்.