முஹர்ரக்கில் முத்துக்குளிப்போர் பாட்டு: போய்க் கேட்கலாமா?

பஹ்ரைனில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு வார விடுமுறை என்றால் மால், அலுத்துப்போனால் கடற்கரை. முஹர்ரக்கின் குறுகிய தெருக்களுக்குள் இருக்கும் 'தார் அல் முஹர்ரக்' என்ற பாட்டுக்கூடம் பலருடைய பட்டியலிலேயே இல்லை. எனக்குக் கொஞ்சம் மிருதங்கம் தெரியும் என்பதால் தாளம் கேட்கத்தான் போனேன்.

அங்கே பாடப்படுவது ஃபிஜிரி. முத்துக்குளிப்புக் கப்பல்களில் வேலை செய்தவர்கள் கரைக்கு வந்ததும் இப்படிப்பட்ட 'தார்'களில், அதாவது பாட்டுக்காகக் கூடும் வீடுகளில், பாடியது. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்து அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டது; பாட்டு மட்டும் தங்கிவிட்டது. 2021இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

முதலில் 'நஹ்ஹாம்', அதாவது முன்பாட்டுக்காரர், உச்சத்தில் குரலை இழுக்கிறார். கப்பலில் பாடுவதற்கென்றே நஹ்ஹாமை வைத்திருந்தார்களாம். கேட்டால் காரணம் புரியும். அவர் மூச்சு விடும் இடத்தில் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் அடித்தொண்டையிலிருந்து ஒரு கீழ்ச்சுருதியைப் பிடிக்கிறார்கள். உட்கார்ந்திருந்த இடத்திலேயே நெஞ்சுக்கூடு அதிர்கிறது. அப்புறம் கைதட்டல். ஒருவர் தட்டாத இடத்தில் இன்னொருவர் தட்ட, தட்டல்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டே போகின்றன. தொடையில் தாளம் போட்டுப் பார்த்தேன், சமம், அதாவது தாளச் சுற்று தொடங்கும் அடி, எங்கே விழுகிறது என்று பிடிபடவே வெகுநேரம் ஆனது. நம் கடத்துக்கு அண்ணன் போல ஜஹ்லா என்றொரு மண்ஜாடி. தண்ணீர் வைக்கும் பாத்திரம்தான், அதன் வாயில் உள்ளங்கையால் அடித்தால் வயிற்றிலிருந்து 'பும்' என்று வரும். மிர்வாஸ் என்ற குட்டி மத்தளமும் சின்ன ஜால்ராக்களும் உண்டு.

அரபி தெரியாவிட்டால் பாட்டின் பொருள் கிடைக்காது, அது பெரிய குறைதான். ஆனால் இந்தப் பக்கத்துப் பாடகர்கள் விரும்பிப் பாடும் ஸுஹைரி மவ்வால் என்ற கவிதை வடிவத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டு போனால் காதாலேயே கொஞ்சம் பின்தொடரலாம். ஏழு அடி. முதல் மூன்றும் ஒரே ஒலியுள்ள சொல்லில் முடியும், பொருள் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு. அடுத்த மூன்று அடிகளுக்கு இன்னொரு சொல். ஏழாவது அடி முதல் சொல்லுக்கே திரும்பிவிடும். நம் மடக்கு அணி தெரிந்தவர்கள் ரசிப்பார்கள்.

கட்டடமும் பார்க்க வேண்டியது. பெல்ஜியக் கட்டடக்கலைஞர்கள் வடிவமைத்த புதுப் பகுதியை உலோக வலைத்திரை ஒன்று போர்த்தியிருக்கிறது. நிகழ்ச்சியின்போது அதை மேலே தூக்கிவிடலாம்.

வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போவது நல்லது, தெருக்கள் அவ்வளவு ஒடுக்கம். வியாழன் மாலைகளில்தான் பாட்டு வழக்கம், கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். மெலடி எதிர்பார்ப்பவர்களுக்குப் பொறுமை போய்விடலாம். தாளப் பித்து உள்ளவர்கள் கட்டாயம் போகலாம். வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அந்தக் கீழ்ச்சுருதி போன் ஸ்பீக்கரில் வரவே வராது.