வெந்நீரில் முக்கிக் காட்டிவிட்டு ஹீட் மீட்டர் விற்கிற கடை

எங்களிடம் இருப்பது அப்பா காலத்து மாஸ்ஸி பெர்குசன் 1035 டிராக்டர். போன மாதம் அணைக்கட்டுப் பக்கம் நடவுக்குச் சேறடிக்கச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தபோது ரேடியேட்டர் மூடியில் ஆவி சீறுகிறது, எஞ்சின் சூட்டைக் காட்ட வேண்டிய ஹீட் மீட்டர் முள் மட்டும் எனக்கென்ன என்று கீழேயே படுத்திருக்கிறது. பேன் பெல்ட் தளர்ந்திருந்தது, அதை அங்கேயே இழுத்து முடுக்கிவிட்டேன். எஞ்சின் ஹெட் தப்பியது அதிர்ஷ்டம்தான். ஆனால் முள் அசையாத வண்டியை எப்படி நம்பிச் சேற்றில் இறக்குவது?

முதலில் போனது ஒரு பெரிய ஸ்பேர் பார்ட்ஸ் கடை, பேர் வேண்டாம். வண்டி என்ன என்றுகூடக் கேட்காமல் கரண்டில் ஓடுகிற மீட்டரை எடுத்துக் கொடுத்து 450 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அதற்கு எஞ்சினில் தனியாக சென்சார் மாட்ட வேண்டும், பேட்டரியிலிருந்து வயர் இழுக்க வேண்டும். மறுநாள் கொண்டுபோனால் பில்லைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள், விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்று பின்பக்கம் அச்சடித்திருக்கிறதாம். சரி, போகட்டும்.

அப்புறம்தான் ஒரு லாரி டிரைவர் இந்தக் கடையைச் சொன்னார். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். போர்டு உண்டு, எழுத்துதான் மிச்சமில்லை, மீட்டர் பாய் கடை என்று கேட்டால் கைகாட்டுவார்கள். பாய் பழைய மீட்டரை வாங்கினதும் டயலைப் பார்க்கவே இல்லை, மெல்லிசான அந்தச் செம்புக் குழாயை விரலுக்கு நடுவில் விட்டு உருவிக்கொண்டே வந்தார், ஒரு இடத்தில் நிறுத்தினார். டேஷ்போர்டு தகட்டு ஓட்டைக்குள் நுழைகிற இடம். ரப்பர் வாஷர் எப்போதோ விழுந்துபோய், தகடு ஆடி ஆடிக் குழாயை அறுத்திருக்கிறது. அரிசி முனை அளவுகூட இல்லை அந்த ஓட்டை.

“இந்த ரப்பரு இன்னா ஆச்சு தம்பி?”

“தெரியாது பாய்.”

“அதான் மீட்டரு போச்சு.”

இது வயர் இல்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். குழாயின் மறுமுனையில் எஞ்சினில் மாட்டுகிற சின்ன உலோகக் குப்பிக்குப் பல்பு என்று பேர், அதற்குள் சீக்கிரம் ஆவியாகிற திரவம் இருக்கிறது, சூடேற ஏற அழுத்தம் கூடி இந்தக் குழாய் வழியாக மீட்டருக்குள் போகிறது, அங்கே கொக்கி மாதிரி வளைந்த ஒரு சப்பைக் குழாய் நிமிரப் பார்க்கும்போது முள்ளை இழுக்கிறது. அவ்வளவுதான், பேட்டரியே வேண்டாம். ஆனால் எங்கே பொத்தல் விழுந்தாலும் உள்ளே இருப்பது வெளியேறிவிடும், முள் படுத்துவிடும்.

ஈயம் வைத்து அடைக்கலாமே என்றேன். அடைக்கலாம், ஆனால் போன திரவத்தையும் திரும்ப நிரப்ப வேண்டும். ஈதர் ஊற்றி, பல்பை ஐஸில் வைத்துக்கொண்டே ஈயம் பற்ற வைக்கிறவர்கள் உண்டாம். ஈதர் 35 டிகிரிக்கே கொதிக்கிற சரக்கு, வேலூர் சித்திரையில் நிழலிலேயே கொதித்துவிடும், பக்கத்தில் நெருப்பு வேறு. பாய் அந்த வேலையைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

இரண்டு புது மீட்டர்களைப் பிரித்து, டீ போடுகிற ஸ்டவ்விலேயே தண்ணீரைக் கொதிக்கவிட்டு இரண்டு பல்பையும் முக்கினார். ஒன்று 100க்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. இன்னொன்று 85ஐத் தாண்டவில்லை, அதை எடுத்து மேஜைக்கு அடியில் போட்டார். இந்த ஒரு காரியத்துக்காகவே இங்கே போகலாம். மீட்டர் 550, மாட்டுக்கூலி 150. மீட்டர் மட்டுமே முந்தின கடையைவிட நூறு ரூபாய் கூடத்தான், இருக்கட்டும்.

மாட்டுவதற்கு எஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார். பிறகு ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் இறக்கி, பல்பைக் கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் முடுக்கினார், பல்பும் சேர்ந்து சுற்றினால் குழாய் முறுக்கி ஒடிந்துவிடும். மிச்சக் குழாயை வெட்டக் கூடாது, அகலமாக இரண்டு சுற்றுச் சுற்றி விட்டார், அதிர்வை அது வாங்கிக்கொள்ளும்.

குறையும் இருக்கிறது. டேஷ்போர்டு ஓட்டைக்கு மீட்டர் சற்றுச் சின்னது, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றித்தான் இறுக்க வேண்டியிருந்தது. பின்பக்கக் கிளாம்ப் தகடு அப்பளம் மாதிரி இருக்கிறது, எத்தனை நாள் தாங்குமோ. ராத்திரியில் டயல் தெரிய லைட்டும் இல்லை. மற்றபடி மூன்று வாரமாக ரோட்டவேட்டர் போட்டு ஓட்டுகிறேன், வெயிலில் முள் 90க்குப் பக்கம் போகிறது, நிழலில் நிறுத்தினால் இறங்குகிறது.

போகிறவர்கள் பழைய பல்பையும் நட்டையும் கழற்றிக் கையில் கொண்டு போங்கள், மரை வண்டிக்கு வண்டி மாறும். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குச் சாத்திவிடுவார், நான் அப்படிப் போய் இரண்டு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன்.