காரைக்குடிக்கு மாதம் ஒருமுறை வரும் ரத்தப் புற்றுநோய் மருத்துவர்: போகும் முன் தெரிந்துகொள்ளுங்கள்

ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பாதி வேலைதான் நடக்கும். ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மூத்த மருத்துவர் நோயாளியிடம் பேசும் முன்பே ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிடுகிறார். மெஷின் எண்ணிக்கை சில நேரம் ஏமாற்றும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனம் சிலருக்கு பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். மெஷின் 40,000 என்று காட்டும், வீடே அலறும். அதே ஆளுக்கு நீல மூடி சிட்ரேட் குழாயில் எடுத்தால் ஒன்றரை லட்சம் இருக்கும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்பவர் இந்தப் பக்கத்தில் அரிது. நாங்கள் இவரைப் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான்.

இவர் தொழிலுக்கு வந்த காலத்தில் நாள்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு ஹைட்ராக்ஸியூரியா, இன்டர்ஃபெரான் என்ற மருந்துகள்தான் கைவசம். எலும்பு மஜ்ஜை மாற்று மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-லும் வேலூர் சி.எம்.சி.யில் 1986-லும் தொடங்கியது. அதற்குப் போக வசதியுள்ளவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்து நிலைமையை மாற்றியது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற அந்த மாத்திரை, உள்நாட்டுத் தயாரிப்பில் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம், அதை முதலில் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை மேல்முறையீட்டைத் தள்ளியதால் அந்த வழி அடைபடவில்லை. மாத்திரை இல்லாத காலத்தைப் பார்த்தவர் என்பதால், கையில் இருக்கும் மாத்திரையை யாராவது விட்டுவிட்டால் இவருக்குத் தாங்காது.

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்று கேட்கமாட்டார். "ஆச்சி, எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு?" என்பார். முப்பது வாங்கி 28 நாள் ஆகியிருந்தால் இரண்டு இருக்க வேண்டும். ஏழு இருந்தால் அங்கேயே பேச்சு தொடங்கும். இரண்டாம் மாதத்தில் வெள்ளணு எண்ணிக்கை சரியானதும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. எண்ணிக்கை சரியானாலும் நோயின் மரபணு உள்ளே இருக்கும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மரபணுவின் அளவைப் பார்க்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) பரிசோதனை: மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குள், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள் இறங்க வேண்டும். இமாட்டினிப் 400 மில்லிகிராமை வயிறார உண்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொல்கிறார். வெறும் வயிற்றில் போட்டால் வாந்தி வரும். வாந்திக்குப் பயந்து மாத்திரை நிற்கும்.

கீமோ எடுப்பவர்களுக்கு ஒரு தாள் எழுதித் தருகிறார்: நோயின் பெயர், கடைசி கீமோ தேதி, எந்த ஆன்டிபயாடிக்கைத் தொடங்குவது. கீமோ முடிந்த 7 முதல் 14 நாளில் வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நடுநிசியானாலும் அந்தத் தாளோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஏற வேண்டும். தெர்மாமீட்டர் வைக்காமல் பாராசிட்டமால் கொடுத்தால் காய்ச்சல் மறைந்து, கிருமி உள்ளே பரவும். பிளேட்லெட் குறைவாக இருக்கும்போது இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது, வீட்டைப் பற்றி இவர் கேட்கும் கேள்விகள். செட்டிநாட்டில் இது வெறும் விசாரிப்பு இல்லை. பழைய வீட்டைப் பிரித்து மராமத்து செய்யும்போது கிளம்பும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை வித்துகள் இருக்கும்; வெள்ளணு இல்லாத நுரையீரலில் அது உயிரை எடுக்கும். பூட்டிக் கிடந்த இரண்டாங்கட்டு அறையைத் தூசி தட்டி நோயாளிக்குக் கொடுப்பதும் அதே ஆபத்துதான். வேலை நடக்கும் வீட்டிலிருந்து நோயாளியை வேறு வீட்டுக்கு மாற்றிவிடச் சொல்கிறார். சாப்பாட்டில் அனாவசியக் கெடுபிடி கிடையாது. சட்டியிலிருந்து சூடாக எடுத்த பணியாரம் சரி, கடையில் காலையில் அரைத்து வைத்த தேங்காய்ச் சட்னி கூடாது. பழைய சோறும் ஊறவைத்த நீராகாரமும் வெள்ளணு ஏறும்வரை வேண்டாம்.

குறைகளும் உண்டு. டோக்கன் காலையிலேயே தீர்ந்துவிடும்; பல மணி நேரக் காத்திருப்பு. கீமோ எடுப்பவர்களை அந்த நெரிசலில் தனியாக உட்காரவைக்க இடமில்லை, இதை உடனே சரிசெய்ய வேண்டும். மஜ்ஜைப் பரிசோதனை இங்கே நடப்பதில்லை, வெளியூர் போக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இந்த ஆலோசனைக் கட்டணத்துக்குப் பயன்படாது. சிகிச்சைக்குச் சேரும் இடத்தில் தேவைப்படும் என்பதால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் முன்பே தயார்செய்யுங்கள்.

நெறிக்கட்டியோடு வருபவர்களுக்கு ஒன்று. பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு எடுத்தால் கட்டி கரைந்து, எந்த வகைப் புற்றுநோய் என்றே தெரியாமல் போகும். ஏற்கெனவே எடுத்திருந்தால் அந்த மருந்துச் சீட்டைக் காட்டுங்கள், திட்டமாட்டார். முதுகுவலிக்காக மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கும் ஆச்சிகளுக்கு ரத்தசோகையும் இருந்தால், மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்கு இவரிடம் காட்டலாம். அதுவரை அந்த வலி மாத்திரையை நிறுத்துங்கள், சிறுநீரகம் கெடும்.

ஈறில் ரத்தக்கசிவு, காரணமில்லாத நீலத் திட்டு, கூடவே காய்ச்சல் என்றால் இவர் வரும் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். இப்படித் தொடங்கக்கூடிய புரோமைலோசைட்டிக் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் முழுதும் குணமாகக்கூடியது, ஆனால் முதல் சில நாள் ரத்தக்கசிவில்தான் பலர் போகிறார்கள். மதுரையோ திருச்சியோ, இரண்டும் சுமார் 90 கிலோமீட்டர்தான், அன்றைக்கே கிளம்புங்கள்.