டெனெக்டெப்ளேஸா, ஆல்டெப்ளேஸா? எங்கள் அலமாரியில் எது, ஏன்

மாரடைப்போடு வருபவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்க எந்த மருந்தை வாங்கி வைப்பது என்று எங்கள் சின்ன மருத்துவமனையில் பேச்சு வந்தபோது நான் டெனெக்டெப்ளேஸ் பக்கம் நின்றேன். இன்றும் அதே பக்கம்தான். பக்கத்திலேயே கேத் லேப் (குழாய் செலுத்தி இதய அடைப்பைத் திறக்கும் அறை) இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

முதலில், இதே வேலைக்கான பழைய மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ். அதன் பலம் குறைந்த விலை. அது நொதிகூட இல்லை, பாக்டீரியாப் புரதம். கட்டியைக் கரைக்கும் நொதியின் முன்வடிவமாக ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மினோஜனோடு ஒட்டிக்கொண்டு அதை முடுக்கிவிடும். கட்டி எது, ஓடும் ரத்தம் எது என்று பார்க்காது. ஒருமுறை போட்டவர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகிவிடுவதால் மறுபடி போடத் தயங்க வேண்டியிருக்கும்.

ஆல்டெப்ளேஸ், நம் ரத்தக்குழாய்ச் சுவரே சுரக்கும், பிளாஸ்மினோஜனை வெட்டி முடுக்கிவிடும் டி.பி.ஏ. நொதியின் நகல். 527 அமினோ அமிலங்கள், ஐந்து பகுதிகள்: விரல், வளர்ச்சிக்காரணி போன்ற துண்டு, இரண்டு கிரிங்கிள், கடைசியில் வெட்டும் பகுதி. (கிரிங்கிள் என்பது டென்மார்க்கில் முறுக்கிச் சுடும் ஒரு பண்டம். நம்மூரில் கண்டுபிடித்திருந்தால் முறுக்கு என்றே பெயர் வைத்திருப்போம்.) விரலும் இரண்டாம் கிரிங்கிளும் கட்டியின் நார்ப்புரதமான ஃபைப்ரினைப் பிடித்துக்கொள்வதால் கட்டி இருக்கும் இடத்தில்தான் வேலை மும்முரமாக நடக்கும்.

சிக்கல், அது ரத்தத்தில் தங்கும் நேரம். அரை ஆயுள் (ரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் நேரம்) சுமார் 5 நிமிடம். முதல் கிரிங்கிளில் 117-ஆம் இடத்தில் தொங்கும் மானோஸ் சர்க்கரையைக் கல்லீரல் பிடித்து இழுத்துவிடுகிறது. அதனால் முதலில் 15 மி.கி. ஊசி, பிறகு எடை பார்த்து அரை மணி நேரம் ஒரு வேகம், அடுத்த ஒரு மணி நேரம் இன்னொரு வேகம். இரவு இரண்டு மணிக்கு ஒரே ஒரு செவிலியர் இருக்கும் வார்டில் இதைச் செய்து பாருங்கள்.

டெனெக்டெப்ளேஸ் அதே நொதிதான், மூன்று இடங்களில் கைவைத்தது. 117-இல் இருந்த சர்க்கரையை நீக்கி, 103-இல் வேறு சர்க்கரை ஏற்றினார்கள். வெட்டும் பகுதியில் 296 முதல் 299 வரையிலான நான்கு அமினோ அமிலங்களை அலனினாக மாற்றினார்கள். டி.பி.ஏ.வை அடக்கிவைக்கும் பி.ஏ.ஐ-1 புரதத்துக்கு அங்கேதான் பிடிமானம், அது தளர்ந்துவிட்டது. அரை ஆயுள் 20 நிமிடத்தைத் தாண்டுகிறது. எடைக்கேற்ப 30 முதல் 50 மி.கி. வரை, ஒரே ஊசி, சில நொடிகளில் முடிந்தது.

அதிக உயிரைக் காக்கிறதா என்றால், இல்லை. ஆல்டெப்ளேஸோடு ஒப்பிட்டு 1999-இல் வெளியான அஸென்ட்-2 ஆய்வில் ஏறக்குறைய 17,000 பேரில் 30 நாள் இறப்பு இரண்டிலும் ஒன்றுதான், மூளைக்குள் ரத்தக்கசிவும் அப்படியே. மற்ற இடங்களில் கசிவு கொஞ்சம் குறைவு. என் கட்சி முழுக்க அந்த ஒற்றை ஊசியை நம்பித்தான்.

இதே வகையில் இன்னொரு மருந்தான ரெட்டெப்ளேஸை நான் போட்டது மிகக் குறைவு. அரை மணி இடைவெளியில் இரண்டு ஊசி. அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

வாங்குபவர்களுக்கு ஒன்று: டெக்ஸ்ட்ரோஸ் ஓடிய குழாயில் டெனெக்டெப்ளேஸைச் செலுத்தினால் திரிந்து படிந்துவிடும். முன்னும் பின்னும் சலைன் விட்டுக் கழுவுங்கள்.