ஜெலுத்தோங் மீன் கடை: காசை நீட்டியும் மீனைத் தரவில்லை

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் அந்த வளர்ப்பு மீன் கடைக்கு முதல் தடவை போனபோது என் கையில் 25 வெள்ளி (ரிங்கிட்) இருந்தது. மேசைமேல் இருந்த போத்தலில் நான் கேட்ட குட்டை வால் லாகா மீனும், அதாவது சண்டை மீனும், இருந்தது. கருநீல உடம்பு, செவுளுக்குக் கீழே செம்பு நிறக் கீற்று. கடைக்கார அண்ணன் விற்கவில்லை.

"தொட்டி எப்ப வச்சீங்க தங்கச்சி?"

"நேத்துதாண்ணே."

"அப்ப மீனு மூணு வாரம் கழிச்சு. இன்னிக்கு இதக் கொண்டு போங்க." ஓடிக்கொண்டிருந்த ஒரு தொட்டியிலிருந்து அழுக்கேறிய ஸ்பாஞ்ச் வடிகட்டியை எடுத்து, தண்ணீரோடு பையில் கட்டிக் கொடுத்தார். எட்டு வெள்ளி. மீனை ஒதுக்கி வைக்க முன்பணம் கொடுத்தேன், அதையும் வாங்கவில்லை. போத்தலில் என் பெயரை எழுதி ஒட்டினார், அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பழைய கணக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தின வருடம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மகன் ஆசைப்பட்டுக் கேட்ட லாகா மீனை ஒரு கண்ணாடிச் சாடியில் வைத்திருந்தோம். ஒன்பதாம் நாள் காலையில் அடியில் சாய்ந்து கிடந்தது. மகன் பள்ளிக்குப் போகாமல் அழுதான். விற்ற ஆள் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வரும் அமோனியாதான் அதைக் கொன்றது என்று இந்த அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அமோனியாவை நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா வேண்டும், அதை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை. புதுத் தொட்டியில் இரண்டுமே இருக்காது. அவர் கொடுத்த அழுக்கு ஸ்பாஞ்சில் இரண்டும் குடியிருந்தன. மீன் இல்லாத தொட்டியில் நான் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு (அது அழுகித்தான் பாக்டீரியாவுக்கு அமோனியா கிடைக்கும்), சோதனைக் குப்பியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் வாரம் பச்சை, அமோனியா இருக்கிறது என்று அர்த்தம். இருபதாம் நாள் அமோனியாக் குப்பி மஞ்சளாகவே நின்றது, அமோனியா இல்லை, நைட்ரைட்டும் இல்லை. மறுநாள் போய் மீனை வாங்கி வந்தேன்.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய கடை இல்லை. இரண்டு சுவர் முழுக்க போத்தல்கள், நடுவில் அட்டைத் தடுப்பு. ஆண் மீன்கள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே இருந்தால் செவுளை விரித்து விரித்துக் களைத்துப்போகும், அதற்காகத்தான் அட்டை. வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால் ஒரு நிமிடம் எடுப்பார், மறுபடி செருகிவிடுவார். போத்தல் தண்ணீர் தெளிவாக இருக்கிறது, அடியில் கழிவு தேங்கியதை நான் பார்த்ததில்லை. வாங்கும்போது மீனுக்குத் தீனி உருண்டை ஒன்றைப் போட்டு, அது தின்றதைக் காட்டிய பிறகுதான் கட்டிக் கொடுத்தார். டார்ச் அடித்து உடம்பையும் காட்டினார். வெல்வெட் நோய் வந்த மீன்மேல் பொன் தூள் தூவியதுபோல மினுங்குமாம். என் மீன்மேல் அப்படி எதுவும் இல்லை.

குட்டை வால் வகைக்குப் பெயர் பிளாக்காட். தாய் மொழியில் கடிக்கும் மீன் என்று அர்த்தம். நீள வால் மீன் அந்தப் பாவாடையை இழுத்துக்கொண்டு இலைமேல் படுத்துவிடும். இது அப்படியில்லை. என் தொட்டி 45 × 25 × 25 செ.மீ., விளிம்புக்கு மூன்று செ.மீ. கீழே நிறுத்தினால் ஏறக்குறைய 24 லிட்டர் தண்ணீர். அந்த நீளம் முழுக்க நாளெல்லாம் ரோந்து போகிறது. சின்னச் சாடியில் இது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு பிசைகிறது.

ஹீட்டர் கேட்டேன். நாற்பது வெள்ளிச் சாமான், எடுத்துக் கொடுத்திருக்கலாம். "ஏர்கான் ரூம்லயா வைக்கப் போறீங்க? ஹால்ல வைங்க லா, காசு மிச்சம்" என்றார். எங்கள் ஹாலில் தண்ணீர் 28 டிகிரி, சில மத்தியானம் 29. ஹீட்டர் இல்லாமலே சரியாகத்தான் போகிறது. கெத்தாபாங் (நாட்டு வாதுமை) இலை பத்து, மூன்று வெள்ளி. கடற்கரையோரம் சும்மா உதிர்ந்து கிடப்பதுதானே என்றேன். சாலையோர மரத்தில் கொசு மருந்துப் புகை படிந்திருக்கும், அதை எடுக்காதீர்கள் என்றார். இலை ஊறித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அதைப் பார்த்து அழுக்கென்று என் மாமியார் கொட்டப் போனார். அது கெட்ட நிறம் இல்லை, இந்த மீனுக்குப் பழக்கமான நிறம். உயிர்த் தீனி கேட்டால் கொசுப்புழு வளர்க்கச் சொல்லும் ஆட்கள் உண்டு, அவர் சொல்லவில்லை. நம் நாட்டில் கொசு பெருக இடம் கொடுத்தாலே 1975ஆம் ஆண்டு நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தில் தண்டம். உறையவைத்த ரத்தப்புழுவை வாரம் இரண்டு தடவை கொடுக்கிறேன்.

இனி குறை. மூடியைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் விற்கும் தொட்டிகளுக்கு மூடியும் கிடையாது. மீன் வந்த மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தவள் ஹால் தரையில் அதை மிதித்திருப்பேன். மேசைக் காலோரம், தூசி ஒட்டி, செவுள் மெதுவாக அசைந்துகொண்டு. பிளாக்காட்டுக்கு வால் இழுப்பதில்லை, ஒரு உந்தில் வெளியே வந்துவிடும். ஈரக் கையால் அள்ளித் தொட்டியில் விட்டேன். இந்த மீன்களுக்குத் தலைக்குள் லேபிரிந்த் என்ற உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றை விழுங்கி அதிலும் மூச்சு விடும். உடம்பு காயாத வரை அதனால்தான் தாங்கியது. விடியும்வரை தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காலையில் தீனி தின்றது. அன்றைக்கே ஹார்ட்வேர் கடையில் பிளாஸ்டிக் வலை வாங்கி, காற்றுக் குழாய் போகும் இடுக்கைக்கூட விடாமல் மூடினேன். காற்றுப் போகும், மீன் போகாது.

அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சொல்லாம விட்டது என் தப்பும்மா" என்றார். அடுத்த தடவை போனபோது கல்லாப் பக்கத்தில் வெட்டி வைத்த வலைத் துண்டுகள் இருந்தன, தொட்டி வாங்குகிறவர்களுக்கு இலவசம்.

இன்னொன்று, எந்த நோய்க்கும் உப்பு என்பார். அதில் எனக்கு உடன்பாடில்லை, செடி வைத்த தொட்டியில் உப்புப் போட்டால் செடி கருகும். தண்ணீர் மாற்றும் விஷயத்தில் மட்டும் அவர் பேச்சை எழுத்துத் தவறாமல் கேட்கிறேன்: வாரம் ஆறு லிட்டர், குளோரின் நீக்கும் மருந்து கலந்து. ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழியாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிவது.

கடைக் கோடியில் விற்பனைக்கு இல்லாத ஒரு தொட்டி இருக்கிறது. பழுப்பு நிறம், அகன்ற தலை, பார்க்கச் சாதாரணம். பெட்டா பக்னாக்ஸ், லாகா மீனின் காட்டு உறவு. 1849இல் கேன்டர் என்பவர் இதை அறிவியலுக்கு எழுதியது நம் பினாங்கு மீனை வைத்துத்தான். குன்று ஓடைகளில் வாழ்வது, லாகா மீனைப்போல முட்டைக்கு நுரைக்கூடு கட்டாது, ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்தே பொரிக்கும். எத்தனை பேர் கேட்டும் அண்ணன் கொடுப்பதில்லை. என் மகன் அந்தத் தொட்டி முன்னால் அரை மணி நேரம் குந்தியிருந்தான். அவர் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார்.

போகிறவர்கள் காலை பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் போங்கள். மத்தியானம் நாலு வரை சாத்திவிடுவார், காலை ஷிப்ட் முடிந்து மூன்றரைக்குப் போய் நான் இரண்டு தடவை திரும்பியிருக்கிறேன். ரொக்கம் மட்டும்தான். தொட்டியின் நீளம், அகலம், அதை வைத்து எத்தனை நாள் ஆயிற்று, மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். முதல் கேள்வி அதுதான்.