மூளை அலைப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தலையில் சென்சார் மாட்டி, கணினியில் விளையாட வைத்து, டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டை முழுவதுமாகச் சரிசெய்துவிடுவோம் என்று சொல்லும் மையங்கள் எங்கள் கோவையிலும் வந்துவிட்டன. நியூரோஃபீட்பேக் என்பது அந்தப் பயிற்சியின் பெயர். அப்படி ஒரு மையம் என் மகளுக்காக 40 அமர்வுகள் கொண்ட பேக்கேஜின் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டது. பயிற்சி முடிந்தபோது அவளுடைய வாசிப்பு தொடங்கிய இடத்திலேயே நின்றது. போன பணத்தைவிட, அந்த மாதங்களில் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கற்பித்தல் கிடைக்காமல் போனதுதான் எனக்கு ஆறாத கோபம்.

மகள் ஆறாம் வகுப்பு. வாய்விட்டுக் கேட்டால் அறிவியல் பாடம் முழுவதையும் தெளிவாகச் சொல்லுவாள். அதையே புத்தகத்தில் வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வரியில் நின்றுவிடுவாள். தமிழில் கொம்பு வரும் எழுத்துகள்தான் அவளை அதிகம் வதைப்பவை. 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ ககரத்துக்குப் பின்னால் வருகிறது. 'கொ' என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கண் போகும் வரிசையும் காது கேட்கும் வரிசையும் ஒத்துப்போகாத இந்த இடத்தில் அவள் ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்வாள். மெய்யெழுத்தின் புள்ளி விட்டுப்போகும்; ரகர றகரம், லகர ளகரம் இடம் மாறும். அவளுக்குப் பாடம் எடுத்துவந்த சிறப்பு ஆசிரியை இதையெல்லாம் குறித்துவைத்து, மணலில் எழுதவைத்தும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லவைத்தும் மெதுவாக முன்னேற்றிக்கொண்டிருந்தார்.

மையத்தில் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. முதல் நாளே தலையில் தொப்பி போன்ற ஒன்றை மாட்டி 'பிரெயின் மேப்பிங்' எடுத்தார்கள். சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டிய தலைப் படங்களைக் காட்டி, "உங்கள் பெண்ணுக்குத் தீட்டா அலை அதிகம், பீட்டா குறைவு மேடம். அதனால்தான் எழுத்து மனதில் பதியவில்லை" என்றார் அங்கிருந்த ஆலோசகர். ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நாங்கள் கொண்டுபோன நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை. வாசிப்புக் கோளாறை வாசிக்கவே வைக்காமல் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்ன அந்த இடத்திலேயே இந்த வியாபாரத்தின் முழு உருவமும் தெரிகிறது.

தீட்டா என்பது வினாடிக்குச் சுமார் 4 முதல் 8 முறை ஏறி இறங்கும் அலை. பீட்டா அதைவிட வேகமானது. இவற்றின் விகிதத்தைப் பற்றிய பேச்சு வந்தது ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு ஆராய்ச்சியிலிருந்து. அந்த நோயை அறிவதற்குக்கூட அந்த விகிதத்தை மட்டும் நம்பக் கூடாது என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2016இல் அறிவுறுத்தியது. டிஸ்லெக்சியாவோ வேறு விஷயம். பெரும்பாலும் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு இணைப்பதில் வரும் சிரமம்.

'நாசா தொழில்நுட்பம்' என்றும் துண்டறிக்கையில் அச்சடித்திருந்தார்கள். அதன் பின்னணி இதுதான்: 1960களில் கலிஃபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் பூனைகளுக்குக் குறிப்பிட்ட ஒரு மூளை அலையை அதிகரிக்கப் பயிற்சி கொடுத்தார். ராக்கெட் எரிபொருளின் நச்சுக்கு ஆளானபோது அந்தப் பூனைகளுக்கு வலிப்பு தாமதமாக வந்தது. மதிக்கத்தக்க ஆராய்ச்சிதான். அதிலிருந்து வலிப்பு நோயாளிகளுக்கும், பின்னர் 1976 வாக்கில் டென்னசியில் ஜோயல் லூபார் வழியாகத் துறுதுறுப்பு மிகுந்த பிள்ளைகளுக்கும் இது போனது. பூனையின் வலிப்புக்கும் என் மகளின் கொம்புக்கும் இடையே யாரும் பாலம் கட்டவில்லை.

பயிற்சி இப்படித்தான் நடக்கும். திரையில் ஒரு விமானம். மூளை 'சரியான' அலையை வெளியிட்டால் அது மேலே பறக்கும், இல்லையென்றால் இறங்கும். சில வாரங்களிலேயே மகள் சொன்னாள்: "அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு கண் சிமிட்டாமல் இருந்தால் விமானம் இறங்குவதே இல்லை." அவள் சொன்னதில் காரணம் இருக்கிறது. தலைத்தோலில் கிடைக்கும் மூளை மின்சாரம் ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு மட்டுமே. தாடைத் தசை இறுகினாலோ இமை அசைந்தாலோ அதைவிடப் பெரிய மின்சாரம் எழும். தாடைத் தசையினுடையது பீட்டா அலைவரிசையிலேயே வந்து கலக்கும். பயிற்சி பெற்ற நிபுணர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பிரித்தெடுக்க வேண்டும். அங்கே இருந்த இளம்பெண் சென்சாரை மாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். இதைச் சொன்னபோது, "குழந்தைகள் அப்படித்தான் ஏதாவது சொல்லும்" என்று பதில் வந்தது. மகள் தாடை வலியோடு வீடு திரும்பிய நாள்கள் உண்டு.

கடைசியில் கொடுத்த முன்னேற்ற அறிக்கையில் மேலே ஏறும் ஒரு கோடு இருந்தது. எதன் அளவு அது என்று கேட்டேன். விளையாட்டில் பெற்ற மதிப்பெண். நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறாள், எத்தனை பிழை என்று தொடக்கத்திலும் அளக்கவில்லை, முடிவிலும் அளக்கவில்லை.

ஏடிஹெச்டிக்காவது இது உதவுமா என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 7 முதல் 10 வயது வரையிலான 144 பிள்ளைகளிடம் நடத்திய சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உண்மையான பயிற்சி; மற்றப் பிரிவுக்கு அதே நாற்காலி, அதே திரை, ஆனால் முன்பே பதிவுசெய்து வைத்த வேறு மூளை அலைகள். யாருக்கு எது என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தெரியாது. இரண்டு பிரிவினரும் முன்னேறினார்கள். இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அக்கறையோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்ததும், பெற்றோரின் எதிர்பார்ப்பும், வயது கூடியதும் சேர்ந்து தந்த முன்னேற்றமாக அது இருக்கலாம். 2024 இறுதியில் 38 சோதனைகளை, ஏறத்தாழ 2,500 பேரின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோதும், யாருக்கு எந்தச் சிகிச்சை என்று அறியாதவர்கள் தந்த மதிப்பீட்டில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் தெரியவில்லை. நிலைபெற்ற சில பயிற்சி முறைகளில் மட்டும் சிறிய பலன் தெரிந்தது.

இரண்டு விஷயங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒன்று, சிறப்பு ஆசிரியையின் வகுப்பை நிறுத்தச் சொன்னது. "இரண்டும் ஒரே நேரத்தில் போனால் மூளை குழம்பிவிடும்" என்றார்கள். அப்படி எந்த மருத்துவமும் சொல்லவில்லை. மகளுக்கு உண்மையில் உதவிக்கொண்டிருந்த ஒரே ஒருவரை அப்புறப்படுத்துவதற்கான வார்த்தை அது.

இரண்டாவது இன்னும் கொடுமை. "கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்காதீர்கள், பெண் பிள்ளைக்கு அது கறை. நாங்கள்தான் குணப்படுத்தப் போகிறோமே" என்றார் ஆலோசகர். டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவரின் உதவியும் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்பு நெருங்கும்போது அலைவதைவிட இப்போதே வாங்கிவைப்பது நல்லது. இது கறை இல்லை, பிள்ளையின் உரிமை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் பில்லை ஊன்றிப் படிக்க நேர்ந்தது. 'டிஸ்லெக்சியா' என்ற சொல் அதில் எங்கும் இல்லை. 'மூளைத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி' என்றுதான் போட்டிருந்தார்கள். 'குணமாகும்' என்பதெல்லாம் பேச்சிலும் துண்டறிக்கையிலும் வாட்ஸ்அப் குறுஞ்செய்திகளிலும் மட்டும். ஆலோசகர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவர் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மருத்துவ உளவியலாளருக்கும் சிறப்பு ஆசிரியருக்கும் அந்தக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் தயங்காமல் காட்டுவார்கள். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழோ, கருவியை விற்ற நிறுவனம் கொடுத்தது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கிறது. சிறப்பு ஆசிரியை மறுபடியும் வருகிறார், விட்ட இடத்திலிருந்து இல்லை, அதற்கும் பின்னால் போய்த் தொடங்க வேண்டியிருந்தது. இத்தகைய ஆசிரியர்களைத் தேடுபவர்கள் சென்னையில் உள்ள மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனைக் கேட்டுப் பார்க்கலாம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அமைப்பு அது.

ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டியவர்கள் பில், துண்டறிக்கை, குறுஞ்செய்திகள் எதையும் அழித்துவிட வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.